சாரலுக்கு ஆட்டம் நிற்காது

தென்காசி
21 ஜூலை, திங்கட்கிழமை

அன்பு மகள் பாஹிமாவுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் உம்மாவும் உன் தம்பி சுஹைபும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அங்கே இங்கிலாந்தில் நீயும் மாப்பிள்ளை ரிஃபாத்தும் அப்படியே இருக்க ஐந்து நேரத் தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று எழுதியதைக் கவனித்துக்கொள், மனசைப் பற்றி நான் இன்னும் ஆரம்பிக்கவில்லை.

தினமும் வீடியோவில் முகம் பார்க்கிற பிள்ளைக்கு என்னத்துக்குக் கடுதாசி என்று நீ சிரிப்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் உன் உம்மா அதைப் பிடுங்கிக்கொண்டு சாப்பிட்டாயா தலைக்கு எண்ணெய் வைத்தாயா என்று தொடங்கிவிடுகிறாள், மிச்ச நேரம் சுஹைப் நடுவில் தலையை நீட்டுகிறான், எனக்குச் சொல்ல வேண்டியது அந்தச் சந்தடியில் சொல்லக்கூடியதாக இல்லை. அதனால் கடையில் மத்தியானம் ஆள் வராத நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாக நானே போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவேன், கோணலாக இருந்தால் தலையைச் சாய்த்துப் படி, ஓரத்தில் என் பெருவிரல் தெரிந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் வீட்டு விஷயம். இந்த வருஷம் சீசன் நன்றாக இருக்கிறது, குற்றாலத்தில் தண்ணீருக்குக் குறைவில்லை, ரோடு முழுக்க வெளியூர்க் கார், நம் கடையில் துண்டைத் தவிர வேறு எதுவும் போகவில்லை. குளிக்கப் போகிறவன் வீட்டிலிருந்து துண்டு எடுத்து வர மறப்பதால்தான் நாம் சோறு தின்கிறோம் என்று சுஹைப் சொல்கிறான், அதுவும் சரிதான். உம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்று டாக்டர் சொன்னார், அந்தச் சந்தோஷத்தைக் கொண்டாட அன்றைக்கே மூன்று மங்குஸ்தான் தின்றுவிட்டாள். நீ கேட்டால் ஒன்று என்பாள், தோலை நான் எண்ணினேன். சுஹைபுக்கு அச்சன்புதூரில் ஒரு இடம் வந்திருக்கிறது, பெண் பி.எட். முடித்திருக்கிறாள், மிஸ்ரியா என்று பெயர். பையன் என்ன பண்ணுதான் என்று அவர்கள் கேட்க, உம்மா கடையைப் பார்க்கான் என்று சொல்ல, அதே நேரத்தில் நான் ஓப்பனிங் பேட்ஸ்மேன் என்று சொல்லிவிட்டேன். அப்புறம் வீட்டுக்கு வந்து நான் வாங்கிக் கட்டிக்கொண்டதை எழுதப் பேப்பர் போதாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் சாரல் டெஸ்ட் உனக்குத் தெரியும், மாப்பிள்ளை மேலப்பாளையத்துக்காரர், பந்தைக் காலால் உதைக்கிற ஆட்டம்தான் அவருக்குத் தெரியும், அவருக்கும் நீ படித்துக் காட்டுவாய் என்பதால் கொஞ்சம் விளக்கி எழுதுகிறேன். தென்காசிக்கும் ஆலங்குளத்துக்கும் வருஷா வருஷம் ஆனி ஆடியில் மூன்று மேட்ச். ஒரு மேட்ச் சனி ஞாயிறு இரண்டு நாள், சிவப்புப் பந்து, வெள்ளை உடுப்பு, ஆளுக்கு இரண்டு இன்னிங்ஸ். முதல் மேட்ச் ஆலங்குளத்தில், இரண்டாவது நம் ஊரில், மூன்றாவது யாருக்கும் சொந்தமில்லாத இடம் என்று வீரகேரளம்புதூரில். ஒரு மணி நேர பஸ் தூரத்துக்குள் மூன்றும் இருக்கின்றன, ஆனால் மூன்றும் மூன்று தேசம். மலையை ஒட்டி இருக்கிற நமக்குச் சாரலும் ஈர மண்ணும், ஆலங்குளத்துக்கு வெறும் காற்றும் செம்மண் புழுதியும், வீரகேரளம்புதூர் இரண்டுக்கும் நடுவில், அங்கே என்ன வரும் என்று அன்றைக்குக் காலையில்தான் தெரியும். நல்ல அணி எது என்று இந்த சீரிஸில் ஒரு வருஷமும் தெரிந்ததில்லை, எந்த நாளில் எந்த மண் யாருக்கு ஒத்துழைத்தது என்றுதான் தெரியும். தோற்றவன் பிட்ச் சரியில்லை என்பான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அதில் இரண்டு ஊரும் ஒரே ரகம்.

இதற்கு விதி எழுதினது நம் ஊர் அம்பயரான நானும் ஆலங்குளத்து அம்பயர் சிவனணைந்தபெருமாளும். நாற்பது பக்க நோட்டில் ஒரு பக்கம். அதில் மூன்றாவது விதி அவர் கையெழுத்தில் இருக்கிறது, காற்றுக்கு ஆட்டம் நிற்காது என்று. நான்காவது என் கையெழுத்து, மழைக்கு ஆட்டம் நிற்கும், சாரலுக்கு நிற்காது. அவர்கள் ஊரில் காற்றுக்கு நிறுத்தினால் ஆனி ஆடியில் ஒரு பந்தும் போட முடியாது, நம் ஊரில் சாரலுக்கு நிறுத்தினால் அதே கதை. உனக்குத் தெரியாததா, இந்த ஊர்க்காரன் சாரலை மழைக் கணக்கில் சேர்க்க மாட்டான். குடை எடுக்க மாட்டான், கொடியில் காய்கிற துணியை எடுக்க மாட்டான், கல்யாணத்துக்குப் பந்தலுக்கு வெளியே பாய் விரித்திருந்தால் அதையும் சுருட்ட மாட்டான். உங்கள் ஊர்ப் பக்கம் நடக்கிற டெஸ்ட் மேட்சை டிவியில் பார்க்கும்போது நாலு தூறல் விழுந்ததும் பத்துப் பேர் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடுவார்களே, அதைப் பார்த்து நான் எத்தனை தடவை சிரித்திருக்கிறேன். இவனுகளைக் கொண்டுவந்து ஆடி மாசம் நம்ம ஊர்ல விட்டா தார்ப்பாயைப் போர்த்திக்கிட்டே அலைவானுக என்று சொல்லியிருக்கிறேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பது இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

முதல் மேட்ச் ஆலங்குளத்தில் போன மாசக் கடைசியில் நடந்தது. காற்று என்றால் அப்படி ஒரு காற்று, சுற்றி இருக்கிற காற்றாலை எல்லாம் பறந்து போய்விடுமோ என்று தோன்றியது. ஸ்டம்ப் மேல் பெயில்ஸ் நிற்கவில்லை, வைத்தால் விழுகிறது, எடுத்து வைத்தால் விழுகிறது, கடைசியில் நானும் சிவனணைந்தபெருமாளும் பெயில்ஸைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வெறும் ஸ்டம்போடு ஆட விட்டோம். மண் காய்ந்து வெடித்திருந்தது, மதியத்துக்கு மேல் பந்து விழுந்த இடத்தில் புழுதி கிளம்பியது, சுழல் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று போட்டவனுக்கே தெரியவில்லை. மேற்கே இருந்து காற்று முதுகில் தள்ள ஓடி வந்து வேகமாகப் போட்டான் ஒரு பையன், இசக்கிமணி, அவனுக்கு முதல் இன்னிங்ஸில் ஆறு விக்கெட். நம்மவர்கள் தொண்ணூற்று நாலுக்குச் சுருண்டு, மேட்சையும் தோற்றார்கள். சுஹைப் இரண்டு இன்னிங்ஸும் சேர்த்துப் பதினொன்று. வீட்டுக்கு வந்து காற்றைத் திட்டினான், நானும் சேர்ந்து திட்டினேன்.

இந்த இசக்கிமணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா முத்துராமலிங்கம் தோட்டத்தில் தக்காளியும் உள்ளியும் பயிர் போடுகிற சம்சாரி, அம்மா குருவம்மாள். பெரியப்பா மக்கள் எல்லாம் போலீஸ், ஒருத்தன் பட்டாளம். இவன் மட்டும் இரண்டு தடவை போலீஸ் எழுத்துப் பரீட்சையில் விட்டு மூன்றாவது தடவை இப்போதுதான் தேறியிருக்கிறான். ஓட்டம், கயிறு ஏறுவது, நீளம் தாண்டுவது எல்லாம் ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி. ஆயிரத்து ஐநூறு மீட்டரை ஏழு நிமிஷத்துக்குள் ஓட வேண்டும், அவன் ஆறுக்கே ஓடுகிறவன். இந்தத் தடவை விட்டால் வயசு தாண்டிவிடும், அப்புறம் தக்காளிதான். இந்த வருஷம் ஆடாதலே என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள், இதுவும் ஓட்டந்தானே என்று வந்திருக்கிறான். நல்ல பையன், அவுட் கேட்டுக் கொடுக்காவிட்டால் முகம் சுளிக்காமல் திரும்பி நடந்துவிடுவான், அந்த ஒரு குணத்துக்கே அம்பயர்கள் எல்லாருக்கும் அவனைப் பிடிக்கும்.

இரண்டாவது மேட்ச் பன்னிரண்டு பதிமூன்றாம் தேதி நம் மைதானத்தில். சனிக்கிழமை காலையில் தார்ப்பாயைத் தூக்கினபோது பிட்ச் வேர்த்துக் கிடந்தது, பந்து நின்று நின்று வந்தது, வளைந்தது, இரண்டு அணியும் சேர்ந்தே இருநூற்று அறுபது தாண்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை அதற்கு நேர்மாறு. வெயிலும் காற்றும் சேர்ந்து அடித்ததில் மேல்மண் காய்ந்து ஆடுவதற்கு வாகாகிவிட்டது, ஆலங்குளம் இருநூற்று மூன்று எடுத்து நமக்கு இருநூற்று இருபத்தேழு வைத்தார்கள். நான் அஸர் தொழுதுவிட்டு டீயைக் குடித்துவிட்டு வந்து நின்றபோது மலையில் மேகம் இறங்கியிருந்தது. ஐந்து மணிக்குச் சாரல் பிடித்தது. வெயிலும் அடித்துக்கொண்டே சாரலும் விழுமே, பார்க்க அழகாக, அது. நம் ஆட்கள் சந்தோஷப்பட்டார்கள், ஏனென்றால் பந்து நனைந்தால் போடுகிறவனுக்குப் பிடி கிடைக்காது, சோப்புக்கட்டி மாதிரி நழுவும், அடிக்கிறவனுக்கு அது லாபம். ஐந்தே காலுக்கு நூற்றுத் தொண்ணூற்று ஒன்றுக்கு எட்டு விக்கெட். மறுமுனையில் அய்யாத்துரை, அவன் பத்தாவது ஆள், மட்டையை வேலிக்கம்பு மாதிரிப் பிடிப்பான். அடிக்கிற முனையில் சுஹைப், எண்பத்தெட்டு. ஆறு மணிக்கு ஸ்டம்ப் பிடுங்க வேண்டும். அதற்குள் முடிக்காவிட்டால் டிரா, டிரா என்றால் சீரிஸில் அவர்கள் முன்னால்.

நான் இசக்கிமணி போடுகிற முனையில் நின்றேன். ஓவரில் இரண்டு பந்து போட்டதும் அவன் என்னிடம் வந்தான். பாய், கால் ஊனுத எடத்துல வழுக்குது, கொஞ்சம் மரத்தூள் போடச் சொல்லுங்க என்றான். மெதுவாகத்தான் கேட்டான், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. மரத்தூள் மூட்டை மைதானத்துக்கு அந்தக் கோடியில் ரோலர் நிறுத்துகிற ஷெட்டில் இருந்தது, எடுத்து வந்து கொட்டி மிதித்துவிட்டுப் போக ஐந்து நிமிஷம் ஆகும். நான் அவன் கால் ஊன்றுகிற இடத்தைக் குனிந்து பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. ஏலே, இது சாரல்லே, மழை வந்தா நானே சொல்லுதேன், ஆலங்குளத்துக்காரனுக்குத் தண்ணியப் பாத்தாலே பயமாப் போச்சு, போடு போடு என்றேன். சத்தமாகச் சொன்னேன், அய்யாத்துரை சிரித்தான், நானும் சிரித்தேன். இசக்கிமணி திரும்பி நடந்துவிட்டான். அடுத்த பந்துக்கு ஓடி வந்து இடது காலை ஊன்றினான், கால் முன்னால் போனது, உடம்பு அப்படியே நின்றது, முழங்கால் மட்டும் உள்பக்கமாகத் திரும்பியது. அந்தச் சத்தத்தை நான் மூன்று முழத் தூரத்தில் நின்று கேட்டேன் மகளே.

அதற்குப் பிறகு மரத்தூள் வந்தது. நானே கையை ஆட்டிக் கொண்டுவரச் சொன்னேன். மிச்சப் பந்தைப் போட வந்தவனுக்கு வழுக்கவே இல்லை. இசக்கிமணியை நாலு பேர் தூக்கிக்கொண்டு போக ஆட்டம் தொடர்ந்தது, சுஹைப் நூறு அடித்தான், மட்டையைத் தூக்கிக் காட்டினான், ஆறு மணிக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது ஜெயித்தோம். சீரிஸ் ஒன்றுக்கு ஒன்று. எல்லாரும் அவனைத் தோளில் தூக்கினார்கள், நானும் கை தட்டினேன், கை தட்டாமல் நின்றால் யாராவது ஏன் என்று கேட்பார்களோ என்று தட்டினேன்.

இப்போது உனக்கு மட்டும் ஒன்று எழுதுகிறேன். விதிப்படி நான் சரி, அந்த நான்காவது விதியை நோட்டை எடுத்து யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம். சிவனணைந்தபெருமாளே அன்றைக்கு என் தோளைத் தட்டி, நாம என்னைக்குவே சாரலுக்கு நிப்பாட்டியிருக்கோம், இதுல ஒம்ம தப்பு என்ன இருக்கு என்றார். ஆனால் சாரலுக்கு ஆட்டம் நிற்காது என்றுதான் நான் எழுதினேன், கேட்டவனுக்கு மரத்தூள் கொடுக்காதே என்று எழுதவில்லையே. அவன் கேட்டபோது என் மனசில் ஓடியது சாரலும் இல்லை விதியும் இல்லை. சுஹைப் எண்பத்தெட்டு, இன்னும் முப்பத்தாறு வேண்டும், ஐந்து நிமிஷம் போனால் ஒரு ஓவர் போய்விடும், இந்தப் பையன் நேரத்தைக் கடத்தப் பார்க்கிறான், இதுதான் ஓடியது. மகன் ஆடும்போது தகப்பன் அம்பயராக நிற்கலாமா என்று எத்தனையோ பேர் கேட்டு, என் கண்ணுக்கு மட்டையும் பந்தும்தான் தெரியும் என்று மார்தட்டினவன் நான். சுஹைபை நான் ஒரு தடவைகூட அநியாயமாகக் காப்பாற்றினதில்லை, எல்பிடபிள்யூ அவுட் கொடுத்ததற்கு மூன்று நாள் அவன் என்னோடு பேசாமல் இருந்தது உனக்கே தெரியும். அவுட்டில் எல்லாம் நேர்மையாக இருந்துவிட்டு மரத்தூளில் தவறிவிட்டேன்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது பொய்யில்லை. திருநெல்வேலியில் ஸ்கேன் எடுத்து முழங்கால் ஜவ்வு பாதி கிழிந்திருக்கிறது என்று சேதி வந்ததும் வியாழக்கிழமை பஸ் ஏறி ஆலங்குளம் போனேன். கையில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் இரண்டு பை. முத்துராமலிங்கம் வாங்க பாய் வாங்க என்று நாற்காலி போட்டார், குருவம்மாள் கலர் சோடா வாங்கி வரச் சொல்லி கிளாஸில் ஊற்றிக் கொடுத்தாள். இசக்கிமணி கட்டிலில் காலுக்குக் கீழே தலையணை வைத்துப் படுத்திருந்தான். முத்துராமலிங்கம் என்னை ஆறுதல் படுத்துகிறார், சாரல் விழுந்தா நீங்க என்ன செய்வீய பாய், மலைக்கா போய்ச் சொல்ல முடியும் என்கிறார். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, மரத்தூள் கேட்டதை அந்தப் பையன் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. என்னைப் பார்த்தான், பார்த்துவிட்டுக் கண்ணைக் கதவுப் பக்கம் திருப்பிக்கொண்டான். நான் கலரைக் குடித்துவிட்டு நல்லபடியா ஆகட்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். பஸ்ஸில் போகும்போது அப்படித்தான் செய்வேன் என்றும் நினைத்திருந்தேன், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மரத்தூள் கேட்டான், நான் கொடுக்கவில்லை, கேலி பண்ணினேன், என் மகன் நூறு அடிக்க நேரம் பத்தாதே என்று கொடுக்கவில்லை. முத்துராமலிங்கம், தோட்டத்துல மோட்டார் ஓடுது, பாத்துட்டு வாரேன் என்று எழுந்து போய்விட்டார், நான் இருந்தவரைக்கும் திரும்பி வரவில்லை. குருவம்மாள்தான் நின்றாள். ஒங்க மவன் நூறு அடிக்கதுக்கு எம்மவன் காலுதான் கெடச்சுதா பாய் என்றாள். கத்தவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். இசக்கிமணி, சும்மா இரும்மா என்று அவளை அடக்கிவிட்டு என்னிடம், மரத்தூள் போட்டிருந்தாலும் ஒருவேளை வழுக்கியிருக்கும் பாய், ஆனா கேட்டா குடுத்திருக்கணும், நேரம் போக்கக் கேட்டேன்னு நெனச்சிட்டீயளே, அதான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு என்றான். கால் போனதைச் சொல்லவில்லை பார், நான் அவனைக் கள்ளன் என்று நினைத்ததைத்தான் சொன்னான்.

வீட்டுக்கு வந்து உம்மாவிடமும் சுஹைபிடமும் சொன்னேன். உம்மா இரண்டு நாள் தட்டில் சோறு வைத்தாள், பேச்சு வைக்கவில்லை. மூன்றாம் நாள், போய்ச் சொன்னீயள்லா, அதுக்காவது அல்லா ஒங்களுக்கு வாயைக் குடுத்தானே என்றாள், அவள் வாயிலிருந்து அது பெரிய மன்னிப்புதான். சுஹைப் மட்டையைத் தூக்கிப் பிடித்த போட்டோவை ஸ்டேட்டஸில் வைத்திருந்தான், அதை எடுத்துவிட்டான். மறுநாள் காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு ஆலங்குளம் போய்விட்டு ராத்திரிச் சோற்றுக்குத்தான் வந்தான், அதற்கு அடுத்த நாளும் போனான், ஆஸ்பத்திரிக்கு இப்போது அவன்தான் கூட்டிக்கொண்டு போகிறான். என்னோடு கடையில் துண்டு விலையைத் தவிர வேறு பேசுவதில்லை. பேசும்போது பேசட்டும் என்று விட்டிருக்கிறேன். வருகிற சனிக்கிழமை வீரகேரளம்புதூரில் மூன்றாவது மேட்ச், நான் அம்பயராக நிற்கவில்லை என்று சொல்லிவிட்டேன். அங்கே மழையும் இல்லாமல் வெயிலும் இல்லாமல் மேகம் மூடிக்கொண்டிருக்கிறதாம், பந்து நாள் முழுக்க வளையும் என்கிறார்கள், போன வருஷம் வரைக்கும் இதைக் கேட்டால் எனக்குக் கால் தரையில் நிற்காது.

இனிதான் உன்னிடம் கேட்க வந்தது. அந்தக் கால் விஷயத்தில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஸ்கேன் பார்த்த டாக்டர் ஆறு வாரம் ஓடவே கூடாது, ஓடினால் மிச்சமும் கிழிந்து ஆபரேஷன்தான் என்கிறார். இன்னொருத்தர் கட்டுப் போட்டுக்கொண்டு ஒரு நாள் ஓடினால் ஒன்றும் ஆகாது என்கிறார். செங்கோட்டைப் பக்கம் ஒரு வைத்தியர் எண்ணெய் போட்டுப் பத்து நாளில் ஓட வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். இன்றையிலிருந்து இருபத்திரண்டு நாள் இருக்கிறது. ஓடாவிட்டால் போலீஸ் வேலை போச்சு, ஓடிக் கால் போனால் அதுவும் போச்சு இதுவும் போச்சு. நான் அன்றைக்கு ஆலங்குளத்திலிருந்து கிளம்பும்போது குருவம்மாள் வாசல் வரை வந்து, சீமையில இருக்க ஒங்க மவ காலு கையெல்லாம் சரிபண்ணுத டாக்டராமே, அவகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க என்றாள். கேட்டுச் சொல்கிறேன் என்றேன். நீங்க சொல்ல வேண்டாம், அவளே எங்ககிட்டச் சொல்லட்டும் என்றாள். அவள் சொன்னது நியாயம்தான், எனக்கு அது நன்றாகவே உறைத்தது.

ஸ்கேன் படங்களைச் சுஹைப் உனக்குத் தனியாக அனுப்புவான். வியாழக்கிழமை உனக்கு மத்தியானம் இரண்டு மணி, இங்கே சாயங்காலம் ஆறரை, சுஹைப் ஆலங்குளத்தில் இருப்பான், வீடியோவில் இசக்கிமணியைக் காலை மடக்கச் சொல்லு, நீட்டச் சொல்லு, உன் வேலையில் எப்படிப் பார்ப்பாயோ அப்படிப் பார். அவன் அப்பா அம்மா இரண்டு பேரும் பக்கத்தில் இருப்பார்கள், உனக்குத் தெரிந்த இங்கிலீஷ் பெயரெல்லாம் வேண்டாம், அவர்களுக்குப் புரிகிற மாதிரிச் சொல்லு. குருவம்மாள் ஏதாவது என்னைப் பற்றிச் சொன்னால் பொறுத்துக்கொள், அவள் சொல்வது எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

மாப்பிள்ளைக்கு என் சலாம். குளிர் காலத்துக்கு முன்னாலேயே ஸ்வெட்டர் எடுத்து வை, மதியச் சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிடாதே. அல்லாஹ் உன் கைக்கு நோய் தீர்க்கிற ஷிபாவைக் கொடுக்கட்டும், உன்னிடம் வருகிறவர்கள் எல்லாரும் எழுந்து நடந்து போகட்டும், உன் வீட்டில் ஒரு குறையும் இல்லாமல் வைக்கட்டும்.

ஒன்று மட்டும் மறக்காதே. வியாழக்கிழமை நான் அந்த வீடியோவில் இருக்க மாட்டேன், கடையில் இருப்பேன், வேண்டுமென்றுதான் போகவில்லை. அவன் ஓடலாம் என்று நீ சொன்னால் அன்றைக்குத்தான் இந்த வாப்பாவுக்கு மூச்சு வரும், அது உனக்கும் தெரியும், தெரிந்ததால்தான் பயமாக இருக்கிறது. ஓட முடியாது என்றால் முடியாது என்றே சொல்லிவிடு. நான் என் பிள்ளையை மனசில் வைத்துக்கொண்டு அவனுக்கு ஒரு பதில் சொன்னேன், நீ உன் வாப்பாவை மனசில் வைத்துக்கொண்டு அவனுக்கு இன்னொரு பதில் சொல்லிவிடாதே தாயே.

இப்படிக்கு,
உன் வாப்பா
சேக் தாவூது